இரத்ததான முகாமும் ஒரு தகப்பனாரின் நினைவும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

நம் பாடசாலையில் தரம் 10இலும் தரம் 6இலும் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் தகப்பனார் கடந்த மாதம் காலமானதை அறிவீர்கள். வைத்தியசாலை ஒன்றின் நிர்வாக உத்தியோகத்தராகவும் நமது அபிவிருத்திச் சங்க உறுப்பினராகவும் இருந்தவர். வீட்டில் முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்துவிட்டன. வருகிற சனிக்கிழமை காலை 8.30 முதல் பகல் 1 மணி வரை பாடசாலை மண்டபத்தில் அவர் நினைவாக இரத்ததான முகாம் நடைபெறும். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெயர்களை எழுதவில்லை. கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளும் வேண்டாம் என்கிறார்கள். அடித்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மதிலில் கட்டாதீர்கள்.

நிர்வாக உத்தியோகத்தரை நோயாளி தேடிப்போவது பெரும்பாலும் குறை சொல்லத்தான். சிற்றூழியர் கடமைப் பட்டியல், மேலதிக நேரக் கொடுப்பனவு, அம்புலன்சுக்கு டீசல், சலவை, குப்பை, தண்ணீர்த் தாங்கி எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். அவர் விடாப்பிடியாகச் செய்த ஒரு வேலை, திங்கட்கிழமைதோறும் ஜெனரேட்டரை அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது. சும்மா ஓட்டினால் போதாது, வாட்டுகளின் மின்சாரத்தை அதற்கு மாற்றிப் பாரத்துடன் ஓட்ட வேண்டும் என்பார். பாரமில்லாமல் ஓடினால் டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் கரி படியும். கரண்ட் போன நேரத்தில் ஜெனரேட்டர் இயங்காமல் போவதற்கு அதிகம் காரணமாவது எஞ்சின் அல்ல, ஸ்டார்ட் பண்ணும் பற்றரி. மாரி காலத்தில் டீசலில் தண்ணீர் சேரும், அதையும் வடிக்க வேண்டும். பாடசாலை ஜெனரேட்டர் அறையில் ஒட்டியிருக்கும் அட்டவணை அவர் எழுதித் தந்தது. இந்தத் திங்களும் அதன்படிதான் ஓட்டினோம்.

வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வரும் நோயாளிகளுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் வேலையைப் பகலுக்கு முன் முடிக்கச் சொல்லி வாட்டுகளில் கேட்டுக்கொண்டே இருப்பார். பின்னேரம் துண்டு கிடைத்தால் பஸ் போய்விடும். ஆட்டோவுக்குக் காசில்லாதவர் இன்னோர் இரவு வாங்கிலில் படுப்பார். வெள்ளம் வீதியை மூடும் மாதங்களில் கிளினிக் திகதிகளை முன்கூட்டியே மாற்றித் தரும்படியும் வைத்தியர்களிடம் கேட்பார்.

பிள்ளைகள் விடயத்திலும் இதே ஒழுங்குதான். இரண்டு தேர்ச்சி அறிக்கைகளிலும் ஒவ்வொரு தவணைக்கும் கையொப்பத்தின் கீழே ஒரு கேள்வி எழுதியிருப்பார். புள்ளி ஏன் குறைந்தது என்று ஒருமுறையும் கேட்டதில்லை. ‘வகுப்பில் வாய்விட்டு வாசிக்கிறானா?’ என்பது கடைசியாக எழுதியது.

இனி முகாம். 60 பேரை மட்டுமே பதிகிறோம். 200 பேர் வரத் தயாராக இருக்கிறீர்கள் என்பது தெரியும், ஆனால் ஒரே நாளில் அவ்வளவு வேண்டாம். கொடுத்த இரத்தத்தைப் பிரித்துத்தான் வைப்பார்கள். செங்குருதிக் கலங்கள் குளிரில் ஐந்தாறு கிழமை தாங்கும். இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் 20 முதல் 24 பாகை செல்சியசில், ஆட்டிக்கொண்டே வைத்தாலும் 5 நாள்தான். டெங்கு கூடும் மழைக்காலத்தில் இரத்த வங்கி தேடுவது பெரும்பாலும் இந்தச் சிறுதட்டுகளை. ஆகவே நினைவு தினத்துக்கு ஒரு பெருங்கூட்டம் என்பதைவிட, நான்கு மாதத்துக்கொரு முறை 60 பேர் என்பதே அவர் சங்கக் கூட்டத்தில் சொல்லிவந்த கணக்கு. இம்முறை இடம் கிடைக்காதவர்கள் அடுத்த பட்டியலில் முதலில் வருவீர்கள்.

வயது 18 முதல் 60க்குள், எடை 50 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12.5 கிராமுக்குக் குறையாமல் (அங்கேயே விரலில் குத்திப் பார்ப்பார்கள்), கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை கட்டாயம். மயங்கி விழுபவர்களில் பலர் வெறும் வயிற்றில் வந்தவர்கள், அல்லது இரவு கண்விழித்தவர்கள். வெள்ளி விரதம் இருப்பவர்களை எண்ணியே சனிக்கிழமையைத் தெரிந்தோம். காலையில் புட்டோ பாணோ சாப்பிட்டு, இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வெளிநாட்டில் வேலை செய்து அண்மையில் திரும்பியவர்கள் அதைப் படிவத்தில் மறைக்காதீர்கள். உட்கொள்ளும் மருந்துகளையும் அப்படியே எழுதுங்கள். கொடுத்த பின் கால் மணி நேரமாவது இருந்து, தரும் பானத்தைக் குடியுங்கள். மோட்டார் சைக்கிளில் உடனே ஏற வேண்டாம், ஊசி போட்ட கையால் அன்று பாரம் தூக்கவும் வேண்டாம்.

பிள்ளைகள் இருவரும் திங்கள் முதல் பாடசாலைக்கு வருகிறார்கள். உங்கள் பிள்ளைகளிடம் இன்றிரவே பேசுங்கள். ‘எப்படி நடந்தது?’ என்று கேட்கக் கூடாது. சொல்லப் போனால், பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தரம் 6 மகனிடம் ‘இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை’ என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கும் சுமையல்ல அது. பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள், விளையாடக் கூப்பிடச் சொல்லுங்கள், விட்டுப்போன பாடக் குறிப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள். அழுதால் தடுக்க வேண்டாம். சிரித்தாலும் அதிசயப்பட வேண்டாம். தமிழ்ப் பாடத்தில் ‘என் தந்தை’ கட்டுரையை இந்தத் தவணைக்கு நிறுத்தியுள்ளோம். எல்லாப் படிவங்களிலும் ‘தந்தையின் கையொப்பம்’ என்ற இடம் ‘பாதுகாவலர் கையொப்பம்’ என மாற்றப்படும். இது முன்பே செய்திருக்க வேண்டியது.

பாடசாலை நோயறைப் பதிவேடும் அந்தத் தகப்பனார் ஏற்படுத்தியதுதான்: நேரம், என்ன நடந்தது, என்ன செய்தோம், யாருக்கு அறிவித்தோம். பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுப்பதில்லை. வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) உண்டு. ஒரு பைக்கற்று முழுவதும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்தில் மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். வீட்டில் பலர் ஒரு கிளாஸில் கரைத்துக் கொடுக்கிறார்கள். அப்படிச் செறிவாகக் கொடுத்தால் வயிற்றோட்டம் கூடும்.

அவசரத் தொடர்பு அட்டையும் இதனுடன் வருகிறது. இரண்டு தொலைபேசி இலக்கங்கள் வேண்டும், இரண்டும் ஒரே ஆளுடையதாக இருக்கக் கூடாது. ஒவ்வாமை, கிளினிக் விபரம் இருந்தால் எழுதுங்கள். உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் காத்திருக்க மாட்டோம், 1990 இலவச அம்புலன்சை அழைப்போம்.

அட்டையையும் இரத்ததானப் பதிவுத் துண்டையும் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். சனிக்கிழமை வாகனங்களை மைதானப் பக்க வாயிலால் கொண்டு வாருங்கள். முன்வாயில் இரத்த வங்கி வாகனத்துக்கு.

இப்படிக்கு,
அதிபர்