புரத ஆய்வில் மென்பொருளையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புரதங்களை ஆராய, மூலக்கூறுகளின் எடையை அளக்கும் கருவியான நிறை நிறமாலைமானி பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை என் முதுகலை மாணவிகளுக்கு வகுப்பிலேயே வாசித்துக் காட்டினேன். கருவியை நன்றாக விளக்கியிருந்தீர்கள். மென்பொருளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் வருத்தம்.

டிரிப்சின் நொதியால் புரதத்தைத் துண்டுகளாக வெட்டி உள்ளே அனுப்பினால் கருவி தருவது வெறும் எண்கள். அவை எந்தப் புரதத்துடையவை என்று சொல்வது மென்பொருள்தான். 1994இல் ஜிம்மி எங், ஆஷ்லி மெக்கார்மக், ஜான் யேட்ஸ் மூவரும் வெளியிட்ட சீக்வெஸ்ட் முறை, தரவுத்தளத்தில் உள்ள புரத வரிசைகளுக்கு வரக்கூடிய நிறமாலையை, அதாவது துண்டுகளின் எடைகளைக் காட்டும் வரைபடத்தை, கணித்து, கருவி தந்ததோடு ஒப்பிட்டது. ஆனால் கணினி எதையாவது தவறாகப் பொருத்திவிடலாம். அதனால் அமினோ அமில வரிசைகளைத் தலைகீழாகத் திருப்பி, இல்லாத புரதங்களையும் கலந்து தேடுகிறோம். அந்தப் போலிகள் எத்தனை சிக்குகின்றன என்பதை வைத்துப் பிழையை மதிப்பிட்டு, தவறான பொருத்தங்கள் வழக்கமாக 1 சதவீதத்தைத் தாண்டாதபடி கோடு போடுகிறோம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. அவ்வளவு நேர்மையானது!

அப்புறம், ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் உருவான மேக்ஸ்குவான்ட், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்கைலைன் ஆகிய இரண்டு மென்பொருள்களும் இலவசம். பிரைட் என்ற இணையக் களஞ்சியத்தில் பிற ஆய்வகங்களின் தரவும் கிடைக்கிறது. கருவி வாங்க வசதியில்லாத கல்லூரியிலும் மாணவர்கள் இதைப் பழகலாம். எங்கள் துறையில் அப்படித்தான் சொல்லித்தருகிறோம். இதற்கென்று தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

உயிர்வேதியியல் பேராசிரியை,
திருச்சி