கிராம சபைக்குப் போகும் முன்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி.

மேலத்தெருவுக்குத் தண்ணீர் ஏறாததை அக்டோபர் 2 கிராம சபையில் கேட்கப் போவதாக எழுதியிருந்தாய். அவசியம் கேள். ஆனால் வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) மனு கொடுத்ததால் பலன் வராது. அவர் வருவாய்த் துறை, தாசில்தாருக்குக் கீழே வேலை பார்ப்பவர். குடிநீருக்கு ஊராட்சிச் செயலரைப் பிடி. அவருக்கு மேலே பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ.க்கள் இரண்டு பேர். ‘கிராம ஊராட்சி’ என்று பலகை இருக்கும் அறையில்தான் உன் மனு சேர வேண்டும்.

அதற்கு முன் தொட்டி நிரம்புகிறதா என்று டேங்க் ஆபரேட்டரிடம் விசாரி. கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீராக இருந்து தொட்டியே நிரம்பவில்லை என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தைக் கேட்க வேண்டும். நிரம்பியும் மேட்டுக்கு ஏறவில்லை என்றால் ஊராட்சியின் பொறுப்பு. பெரும்பாலும் கேட் வால்வு பழுதாகியிருக்கும், இல்லையென்றால் பள்ளத்து வீடுகளில் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். இது தெரியாமல் புது ஆழ்துளைக் கிணறு கேட்டு வாங்கினால், அந்தத் தண்ணீரும் பள்ளத்துக்கே போகும்.

நிதி இல்லை என்பார்கள். 2021–26 காலத்துக்கு மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டியிருந்தது. அதில் என்ன செய்தார்கள் என்று கேள். வரவு செலவுக் கணக்கைச் சபையில் வைத்தாக வேண்டும்.

மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, 100 பேர். பல ஊர்களில் கூட்டத்துக்கு நாற்பது பேர்தான் வருவார்கள். மீதிக் கையெழுத்தை வீடு வீடாக நோட்டை அனுப்பி வாங்கிக்கொள்வார்கள், தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வார்கள். கிராமத்தில் மக்கள் நேரடியாக உட்கார்ந்து முடிவெடுக்கச் சட்டம் கொடுத்த ஒரே சபையை இப்படிக் காகிதமாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. வெற்றுப் பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று தெருவில் இப்போதே சொல்லிவை.

தீர்மானத்தில் ‘மேலத்தெருவுக்குக் குடிநீர் வசதி செய்து தருதல்’ என்று மட்டும் எழுதினால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. எத்தனை வீடு, எந்த இடத்தில் வால்வு, எத்தனை மீட்டர் குழாய், எந்த நிதி என்று அங்கேயே எழுதச் சொல்லி, வாசிக்கக் கேட்டு, தீர்மான எண்ணைக் குறித்துக்கொள். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பி; 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தை வழக்கமாக அக்டோபரில்தான் சபையில் வைப்பார்கள், அதனால் அடுத்த கிராம சபையான நவம்பர் 1 கூட்டத்துக்குத் தள்ளிப் போடாதே. தீர்மானத்தின் வரைவை முன்கூட்டியே அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
சேகர்