ஜாடியும் பேரன் வயிறும்

கிருஷ்ணகிரி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேரனுக்கு வயிற்றுப்போக்கு, நேற்றுதான் நின்றது. அதுதான் தாமதம்.

போன ஞாயிறு போச்சம்பள்ளிச் சந்தையில் நாட்டு மாங்காய் வாங்கி வந்தேன். உன் தங்கச்சி நறுக்கி, கல்லுப்புப் போட்டுக் குலுக்கி ஜாடியில் வைத்தாள். காலையில் திறந்தால் துண்டெல்லாம் தோல் சுருங்கி, கால் ஜாடிக்கு நீர் நிற்கிறது. சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. கரைசல் கெட்டியாக இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் சவ்வைக் கடந்து போகும், அதுதான் சவ்வூடு பரவல். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதை நடத்தியவனுக்கு இதில் என்ன அதிசயம்?

அன்று சாயங்காலம் பேரனுக்கு வயிறு போக ஆரம்பித்தது. மருமகள் அவசரத்தில் பெரிய ஓஆர்எஸ் பாக்கெட்டை, அதுதான் அந்த உப்பு-சர்க்கரைப் பொடியை, அப்படியே ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினாள். உன் தங்கச்சி கையைப் பிடித்துவிட்டாள். "உப்பு மாங்காயிலிருந்தே தண்ணியை இழுக்குதே, புள்ள வயித்துல இருக்கறதையும் இழுத்துடாதா?"

எனக்கு வாயடைத்துவிட்டது. ஒரு மாணவன்கூட இப்படிக் கேட்டதில்லையடா.

சிறுகுடல் செல்லின் சவ்வில் ஒரு புரதம் வாசல் காக்கிறது. 2 சோடியமும் 1 குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். சோடியமும் சர்க்கரையும் இப்படி ஜோடியாகப் போகின்றன என்று 1960இல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் சொன்னார். உள்ளே வந்த சோடியம் அங்கேயே தங்காது. செல்லின் மறுபக்கத்தில், இரத்தத்தை ஒட்டி, ஒரு பம்பு ஓடுகிறது: 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், சுற்றுக்கு ஒரு ஏடிபி, அதாவது செல்லின் எரிபொருள் மூலக்கூறு ஒன்று, செலவு. அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் பற்றாக்குறை. குடலில் இருக்கும் சோடியம் சர்க்கரையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாயும், தண்ணீர் பின்னாலேயே போகும். காலராவிலும் இந்த வாசல் கெடுவதில்லை. 1971இல் வங்காள எல்லையில் போங்காவ் அகதி முகாமில் சலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்து டிரம்களில் வைத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்.

ஆனால் உன் தங்கச்சி பயந்ததும் சரிதான். ஒரு லிட்டருக்கான பொடியை ஒரு டம்ளரில் கரைத்தால் குடலுக்குள் இருப்பது இரத்தத்தைவிடக் கெட்டி. அப்புறம் பேரன் வயிறும் ஊறுகாய் ஜாடிதான், உடம்புத் தண்ணீர் குடலுக்கு வந்துவிடும். பழைய ஓஆர்எஸ்ஸில் கரைந்திருக்கும் துகள்களின் அளவு லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோல், அதையே 2002 வாக்கில் 245 ஆகக் குறைத்தார்கள். டம்ளரைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் அளந்து புதுப் பாக்கெட் கரைத்தோம். ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தான்.

உன் பேத்திக்கு வயிறு போனபோது கூல்டிரிங்க்ஸ் கொடுத்ததாக எழுதியிருந்தாயே, இனி கொடுக்காதே. அதில் சர்க்கரை மிக அதிகம், உப்பு பேருக்குத்தான்.

ஊறுகாய்க்கு நேற்று மிளகாய்த்தூள் போட்டாயிற்று. மகன் தர்மபுரிப் பக்கம் வரும்போது ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். உனக்கு பிபி இருக்கிறது, ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்.

உன்,
சம்பத்