ஒரு வரி போட்டா கப்பற்படை வந்துருமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன இதழ்ல மாற்று வரலாற்றுக் கதை எழுதுறது எப்படின்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தெற்கு மாநிலங்கள் ஜெயிச்சிருந்தான்னு கதைய ஆரம்பிக்கச் சொல்லிட்டு, "பிரிட்டனும் பிரான்சும் உதவிக்கு வந்துவிட்டதாக ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும், வாசகர் காரணம் கேட்க மாட்டார்"னு எழுதியிருக்கு. நானும் வாசகர்தான் சார். சந்தா கட்டுற வாசகர். நான் கேக்குறேன், ஏன் வந்தாங்க?

நான் ராஜபாளையத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் பஞ்சு பர்ச்சேஸ் பாக்குறவன். அதனால இந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. தெற்குக்காரங்க போட்ட கணக்கு உங்களுக்குத் தெரியாததில்ல, பஞ்ச நிறுத்துனா இங்கிலாந்துல லங்காஷயர் பக்கத்துப் பஞ்சு மில்லு நிக்கும், மில்லு நின்னா பிரிட்டன் தன்னால கப்பலோட வந்து நிக்கும். 1861ல போர் ஆரம்பிச்சப்ப தெற்கு அரசாங்கம் சட்டம்கூட போடல, தோட்டக்காரங்களும் உள்ளூர் கமிட்டிகளுமே பஞ்சு மூட்டைகள வெளிய விடாம நிறுத்தி வச்சாங்க. எங்க தொழில்ல இதே வித்தைய வருஷா வருஷம் பாக்குறேன். விலை ஏறட்டும்னு ஜின்னிங் பேக்டரிக்காரர் சரக்க அடுக்கி வச்சிக்கிட்டு நம்ம போன எடுக்க மாட்டார், ஆனா நம்ம குடோன்ல ஸ்டாக் இருந்தா நாமளும் போன் பண்ண மாட்டோம்ல. கடைசில அவரே பேப்பர்ல சாம்பிள் சுத்தி எடுத்துட்டு வருவார், நான் ஒரு சிட்டிகை பிச்சு ரெண்டு கட்டைவிரலுக்கு நடுவுல இழுத்து இழை நீளம் பாத்துட்டு, தூசி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேண்ணேன்னு சொல்லுவேன், அந்த நிமிஷமே விலை இறங்கும். லங்காஷயர்லயும் இதான் நடந்துச்சு. 1859லயும் 1860லயும் அமெரிக்காவுல அமோக விளைச்சல், லிவர்பூல் குடோன் நெறஞ்சு கெடந்துச்சு, போர் ஆரம்பிச்சப்ப மில்லுக்காரங்க பதறவே இல்ல. நெஜமான பஞ்சுப் பஞ்சம் 1862லதான் கடிச்சுது, அதுக்குள்ள பம்பாய்லயும் எகிப்துலயும் பஞ்சு வாங்க ஆரம்பிச்சாச்சு. எங்க திருநெல்வேலிப் பக்கத்துப் பஞ்சும் தூத்துக்குடில கப்பலேறுச்சு. அது பத்தாதுன்னு அந்த வருஷங்கள்ல பிரிட்டன்ல கோதுமை விளைச்சலும் மோசம், வடக்கு மாநிலத்துக் கோதுமைய வாங்கித்தான் சாப்பிட்டாங்க. சோறு போடுறவன்கிட்ட எவனாவது சண்டைக்குப் போவானா?

இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. ஆனா உங்க பத்திரிகை நடத்துன போட்டில முதல் பரிசு வாங்குன கதைய நெனச்சா சொல்லாம இருக்க முடியல. ட்ரெண்ட் கப்பல் விவகாரத்த வச்சு எழுதுன கதை. 1861 நவம்பர் 8ல பிரிட்டிஷ் தபால் கப்பல நடுக்கடல்ல மறிச்சு தெற்குத் தூதர்கள் மேசன், ஸ்லைடெல் ரெண்டு பேரையும் வடக்கு கேப்டன் வில்க்ஸ் புடிச்சிட்டுப் போனாரே, அதான். ஐடியா அருமை, பிரிட்டன் நெசமாவே சண்டைக்குக் கிளம்புன இடம் அது ஒண்ணுதான், கனடாவுக்கு பதினோராயிரம் பேர் அளவுக்குப் படையே அனுப்புனாங்க. ஆனா கதையில என்ன வருது? "அன்றிரவே பால்மர்ஸ்டன் லிங்கனுக்குத் தந்தி அடித்தார்." பிரிட்டன் பிரதமர் வடக்கு ஜனாதிபதிக்கு எந்த ஒயர்ல சார் அடிச்சார்? 1858ல அட்லாண்டிக்ல போட்ட கேபிள் சில வாரத்துலயே செத்துப்போச்சு, அடுத்து ஒழுங்கா வேல செஞ்சது 1866லதான். சேதி லண்டனுக்குப் போய்ச் சேரவே நவம்பர் கடைசி ஆயிருச்சு, பதில் கப்பல்ல திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு பக்கமும் கோவம் தணிஞ்சு, டிசம்பர் 26ல அவங்கள விட்டுறலாம்னு லிங்கன் அரசாங்கம் முடிவு பண்ணிருச்சு. அந்தத் தாமதம்தான் சார் கதையே! அத ஒரே வரில தந்தி அடிச்சு முடிச்சவருக்கு முதல் பரிசு, நடுவர் குறிப்புல "தகவல் செறிவு"ன்னு பாராட்டு வேற.

அதே போட்டிக்கு நானும் ஒரு கதை அனுப்புனேன். நெசத்துல பிரிட்டன் அமைச்சரவை வடக்குக்கு எழுதுன மொதல் கடிதம் ரொம்பக் காரமா இருந்துச்சு, விக்டோரியா ராணியோட கணவர் ஆல்பர்ட், உடம்பு சரியில்லாத நெலமையிலயும் எந்திரிச்சு அத மென்மையாக்கி, லிங்கன் மானம் போகாம பின்வாங்க ஒரு வழி வச்சுக் குடுத்தார், டிசம்பர் 14ல இறந்தும் போனார். என் கதையில அவருக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நெனவு தப்பிருது, அவ்வளவுதான் மாத்தம். அந்தக் காரமான கடிதம் அப்படியே போகுது. வடக்குக்கு வெடிமருந்து செய்ய வெடியுப்பு வேணும், அது வங்காளம், பீகார் சரக்கு, பிரிட்டன் கைல இருக்குது, அத அந்த நேரத்துல நெசமாவே நிறுத்தியும் வச்சாங்க. இதையெல்லாம் கோத்து எழுதி அனுப்புனேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு பதிலும் இல்ல, வந்துச்சுன்னும் இல்ல, குப்பைல போட்டோம்னும் இல்ல. பெரிய மனுஷங்க, நேரம் இருக்காது, புரியுது.

இதுக்கு முன்னாடி, பிரிட்டன எதிர்த்து நடந்த அமெரிக்க சுதந்திரப் போர்ல லாஃபயெட்ங்கிற பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சுப் படையோட வந்து இறங்குனார்னு ஒரு கதையில போட்டப்பவும் எழுதுனேன், 1777ல அவர் ராஜா பேச்ச மீறித் தன் சொந்தக் கப்பல்ல வந்த சின்னப் பையன், பிரான்ஸ் வந்தது சாரடோகாவுல பிரிட்டிஷ் படை சரணடைஞ்ச பொறகு, 1778 பிப்ரவரில ஒப்பந்தம் போட்டுத்தான்னு. நீங்க அந்தக் கடிதத்துல நடுவுல இருந்தத எல்லாம் வெட்டிட்டு "கதை படித்தேன், தங்கள் பணி தொடர வாழ்த்துகள்"னு மட்டும் போட்டீங்க. என் மச்சினன் படிச்சிட்டு என்ன மாமா ஒரே ஜால்ராவா இருக்குன்னு கேட்டான். சந்தா பிரதி கடைல தொங்குன பொறகு வர்றதப் பத்தி இங்க பேசல, அது தனிக் கதை.

கலகக்காரன் ஜெயிப்பான்னு தெரிஞ்சாத்தான் வெளியாள் கூட்டு சேருவான், அதுவும் அவனோட பழைய பகைக்காக. பிரான்சுக்கு ஏழாண்டுப் போர்ல பிரிட்டன்கிட்ட தோத்த ஆத்திரம், ஸ்பெயினுக்கு பிரிட்டன் கைல இருந்த ஜிப்ரால்டர் மேல கண்ணு. வந்தவன் அமெரிக்காவுல மட்டும் சண்ட போட்டுட்டுப் போகவும் இல்ல. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரெனோட கப்பல் நம்ம சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திரிகோணமலைன்னு மோதிட்டு, 1783 ஜூன்ல கடலூர் கடல்ல கடைசியா மோதுச்சு, ஐரோப்பாவுல சமாதானப் பூர்வாங்க ஒப்பந்தம் ஜனவரிலயே கையெழுத்தாயிருச்சு, சேதிதான் வந்து சேரல. பாஸ்டன் பக்கம் ஆரம்பிச்ச சண்டைக்குக் கடலூர்ல ஆள் செத்திருக்கு. நட்பு நாட்டக் கதைக்குள்ள கொண்டு வர்றதுன்னா இவ்வளவும் சேந்துதான் வரும். ஒரு வரில அடங்காது சார்.

இன்னொண்ணு, இதுதான் ரொம்ப உறுத்துது. ரெண்டு பக்கக் கட்டுரையில அடிமைகளப் பத்தி ஒரு வார்த்த இல்ல. அந்தப் பஞ்சப் பறிச்சது அவங்க கை, அப்ப அமெரிக்காவுல அடிமைங்க மொத்தம் சுமார் 40 லட்சம் பேர். 1863 ஜனவரி 1ல லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனம் போட்டதும், 1833லயே அடிமை முறைய ஒழிச்ச பிரிட்டன் வெளிப்படையா தெற்கு பக்கம் நிக்கிறது ஏறக்குறைய முடியாத காரியம் ஆயிருச்சு. லங்காஷயர்ல வேலை போய்ப் பட்டினி கெடந்த தொழிலாளிங்கள்லயே நெறைய பேர் வடக்குக்கு ஆதரவா கூட்டம் போட்டாங்க. அவங்களுக்கு இருந்த யோசன உங்க கட்டுரையாளருக்கு இல்லாமப் போச்சே.

சரி, கேக்குறது ரெண்டே ரெண்டு. அடுத்த இதழ்ல அந்த அட்லாண்டிக் தந்திக்கு ஒரு திருத்தம் போடுங்க, கடைசிப் பக்கத்துல விளம்பரத்துக்குக் கீழ பொடி எழுத்துல போட்டாக்கூடப் பரவால்ல. என் கதை வந்துச்சா இல்லையான்னு ஒரு கார்டு போடுங்க, நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே எழுதுங்க. இந்தக் கடிதத்தப் போடுறதா இருந்தா முழுசாப் போடுங்க, வாழ்த்து நான் எங்கயும் எழுதல, தேடாதீங்க.

இப்படிக்கு,
சந்தாதாரர், ராஜபாளையம்