சிரட்டை வேண்டாம், தெர்மோஸ்டாட் வாங்கு

செங்கோட்டை,
வியாழன் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ராத்திரியில் பாம்பின் பேரைச் சொல்லக் கூடாது என்பாளே, "பூச்சியைப் பத்தித்தான எழுதுதீய?" என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

நீ பாம்பு வளர்க்கிறாய் என்று முதலில் கேட்டபோது எனக்கும் வயிற்றைக் கலக்கியது. இங்கே ஒரு சாரையைப் பிடித்து வீட்டில் வைத்தால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அங்கே இங்கிலாந்தில் உன் கார்ன் பாம்புக்கு, அந்த விஷமில்லாத அமெரிக்கப் பாம்புக்கு, லைசென்ஸே வேண்டாம் என்கிறாய். ஆனால் 2006ஆம் வருஷத்து விலங்கு நலச் சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. வளர்ப்பவர் அந்த உயிருக்கு வேண்டியதைச் செய்து கொடுத்தே ஆக வேண்டும். சிநேகிதி லீட்ஸை விட்டுப் போகும்போது உன் தலையில் கட்டிவிட்டுப் போனாள் என்பதெல்லாம் கணக்கில் வராது. பதினைந்து, இருபது வருஷம் இருக்கக்கூடிய ஜீவன் அது. உன் கல்யாணத்தையும் பார்த்துவிடும், நீ மனசு வைத்தால்.

நீ அனுப்பிய பாம்புப் பெட்டி போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடையில் எழுதிக் கொடுத்த பட்டியலையும் பார்த்தேன். பிளாஸ்டிக் மண்டை ஓடு, பிளாஸ்டிக் கொடி, பின்னால் ஒட்டக் காட்டுப் படம், அப்புறம் சிரட்டை. சிரட்டை ஒன்று 8 பவுண்டு! நம் வீட்டில் வெந்நீர் அடுப்புக்குப் போகிற சாமான். அந்தப் பட்டியலில் முக்கால்வாசி நீ பார்த்து ரசிப்பதற்கு. பாம்புக்கு அது ஒன்றும் வேண்டாம். உடம்பை நெருக்கிச் சுருண்டுகொள்ள இருட்டாக ஒரு பொந்து, ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளுமை, தண்ணீர். இவ்வளவுதான். நாற்பது வருஷம் பட்டறை வைத்திருந்தவன் சொல்கிறேன், இதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் குப்பையிலிருந்தே செய்துவிடலாம். சூட்டையும் பூட்டையும் மட்டும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

முதலில் சூடு. போட்டோவில் ஹீட் மேட்டின், அந்தச் சூடு கொடுக்கிற விரிப்பின், ஒயர் நேராகச் சுவர் பிளக்குக்குப் போகிறது. நடுவில் தெர்மோஸ்டாட், அதாவது சூடு மீறாமல் கரண்டை நிறுத்துகிற கருவி, இல்லை. அப்படி விட்டால் மேட் கை பொறுக்காத அளவுக்குச் சுடும். பாம்பு நம்மைப் போல 'ஆ' என்று விலகாதாம், வயிறு வெந்துபோகிற வரை அதன் மேலேயே கிடப்பதும் உண்டாம். தெர்மோஸ்டாட் 35 பவுண்டு, மாசக் கடைசி, அடுத்த மாசம் வாங்குகிறேன் என்றாய். வேண்டாம், நாளைக்கே வாங்கு. மேட் கண்ணாடிக்கு வெளியே, அடியில், மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும் இருக்கட்டும். சூடான பக்கம் 28லிருந்து 30 டிகிரி, மறுபக்கம் 20லிருந்து 24. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். சூடாகும் கல் என்று ஒன்று விற்கிறார்கள், அதை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே. ஒரே இடத்தில் கொதித்து உடம்பைப் புண்ணாக்கிவிடும்.

அடுத்தது அந்த செலோடேப். மூடியின் ஓரத்தில் உள்பக்கமாக ஒட்டியிருக்கிறாயே, அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தூக்கம் போனது. உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது மூன்றாம் வகுப்பு. பட்டறையில் எலித் தொல்லை என்று பசை அட்டை வாங்கி வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் எலி இல்லை, ஒரு சாரைக்குட்டி. இரண்டடி இருக்கும். பாதி உடம்பு அட்டையில், மீதி உடம்பு சுழன்று சுழன்று மேலும் மேலும் ஒட்டிக்கொள்கிறது. கூட இருந்த பையன் பிய்த்து எடுக்கலாம் என்று வாலைப் பிடித்தான். செதில் அட்டையோடு வருகிறது, பாப்பா. அடியில் வெள்ளையாகச் சதை. நான் அவன் கையைத் தட்டிவிட்டு, டீ போடுகிற இடத்திலிருந்து கடலை எண்ணெயை எடுத்து வந்து ஊற்றினேன். ஊற்றி, ஐஸ் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி, மறுபடி ஊற்றி, ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் மரத்தூளில் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடையில் விட்டோம். பிழைத்ததோ என்னவோ. அன்றோடு பசை அட்டை வாங்குவதை நிறுத்தினேன். அதனால் பெட்டிக்குள்ளே எந்த டேப்பும் வேண்டாம், டபுள் டேப்பும் சேர்த்துத்தான். தெர்மாமீட்டர் ஒயரைக்கூட உறிஞ்சு கப்பில் மாட்டு. டேப் இல்லாமல் மூடி நிற்காது என்றால் மூடி சரியில்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் கிளிப் பூட்டு போடு. மேலே புத்தகம் அடுக்கி வைத்தால் போதும் என்று நினைக்காதே, மூக்கால் நெம்பி நெம்பி வழி கண்டுபிடிக்கிற ஜாதி அது.

பூந்தொட்டியைக் கவிழ்த்துப் பொந்தாக வைத்திருப்பது நல்ல யோசனைதான். ஆனால் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை இருக்கிறது பார், அதில் தலையை நுழைத்து, பாதி உடம்பில் மாட்டிக்கொள்ளும். முன்னாலும் போக முடியாது, செதில் தடுப்பதால் பின்னாலும் வர முடியாது. ஓட்டை இல்லாத தொட்டி பார். அதைவிடச் சுலபம், ஐஸ்கிரீம் டப்பா. கவிழ்த்து, ஓரத்தில் பாம்பின் தடிமனைப் போல இரண்டு பங்கு அகலத்துக்கு வாசல் வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய். உன் உதட்டில் வைத்து இழுத்துப் பார், கீறாமல் இருந்தால் சரி. இதேபோல் இரண்டு வேண்டும், சூட்டுப் பக்கம் ஒன்று, குளுமைப் பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால் ஒளிந்துகொள்வதா, உடம்புச் சூட்டைச் சரிசெய்வதா என்று அது திண்டாடும். சட்டை உரிக்கப் போகிற சமயம் கண் பால் போல மங்கும். அப்போது மூன்றாவதாக ஒரு டப்பாவில் ஈரமான கிச்சன் பேப்பர் போட்டு வை. கார்ன் ஃபிளேக்ஸ் அட்டைப்பெட்டிகூடப் பொந்துதான், அசிங்கமானால் தூக்கிப் போட்டுவிடலாம்.

மரம் என் தொழில், அதனால் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன். தரையில் பைன் சீவலோ தேவதாருச் சீவலோ போடாதே. வாசம் நமக்குத்தான் நன்றாக இருக்கும், அந்த எண்ணெய் பாம்பின் மூச்சுக்கு ஆகாது. ஆஸ்பென் மரச் சீவல் போடு, இல்லை இப்போதைக்கு நியூஸ் பேப்பரே போதும். ஏறுவதற்குக் கிளை வேண்டும். பார்க்கில் காற்றுக்கு விழுந்த ஓக், பீச், ஆப்பிள் கிளையாகப் பார். மருந்து அடித்த தோட்டத்தில் எடுக்காதே. யூ மரம் விஷம், பால் வடிகிறதும் பிசின் ஒட்டுகிறதும் வேண்டாம். கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் அரை மணி நேரம் வை, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள். வார்னிஷ் அடிக்காதே. உருளாதபடி இரண்டு முனையும் பெட்டியில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கல் வைக்க ஆசைப்பட்டால் முதலில் கண்ணாடித் தரையில் கல்லை உட்கார வைத்துவிட்டு அப்புறம் சீவலைப் போடு. மாற்றி வைத்தால், பாம்பு அடியில் தோண்டும்போது கல் இறங்கி நசுக்கிவிடும்.

சிலிக்கான் ஏதாவது பூசினால் மீன் தொட்டிக்கு உரியதை வாங்கு, பாத்ரூமுக்கு விற்பதில் பூஞ்சை மருந்து கலந்திருக்கும். வினிகர் வாசம் முழுக்கப் போகிற வரை பாம்பை உள்ளே விடாதே. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறாயே, அது அடுப்படியோடு இருக்கட்டும். அந்துருண்டையும் அந்த அறையில் வேண்டாம். பாம்பைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடாதே.

அக்கவுண்டில் ஐயாயிரம் ரூபாய் போட்டிருக்கிறேன். தெர்மோஸ்டாட்டுக்கும் பூட்டுக்கும் மட்டும்தான், மண்டை ஓட்டுக்கு இல்லை. எல்லாம் மாட்டிய பிறகு பாம்பை விடாமல் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, இரண்டு தெர்மாமீட்டரையும் போட்டோ எடுத்து அனுப்பு.

இன்னொன்று. நேற்று சிரட்டை விலையை உன் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். இன்று காலையில் தேங்காய் உடைத்தவள் இரண்டு மூடியையும் சுரண்டி, நார் நீக்கி, திண்ணையில் வெயிலில் வைத்திருக்கிறாள். ஓரத்தைக்கூட என் உப்புத்தாளால் தேய்த்திருக்கிறாள். யாராவது லீட்ஸ் போனால் கொடுத்துவிட வேண்டுமாம். உன் பாம்பு இரண்டரை அடி, அதற்குள் அடங்காது என்று நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அப்பா