மஞ்சள் செர்ரியைப் பறிக்கும் முன்

டர்பன், தென்னாப்பிரிக்கா
நவம்பர், செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

உன் தோட்டத்துச் செர்ரி மரத்தின் பழம் மஞ்சளாகவே நிற்கிறது என்று நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரத்துக்கு நோய் ஒன்றும் இல்லை. பழம் பழுக்காமல் நின்றுபோகவும் இல்லை. அதன் நிறமே அதுதான். மஞ்சள் தோல், வெயில் பட்ட கன்னத்தில் மட்டும் சிவப்பு, நல்ல பருமன். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ரெய்னியர் என்ற வகை என்றே சொல்வேன். நெப்போலியன் என்று ஒரு பழைய வகையும் இதே சாயலில் இருக்கும், ஆனால் அது சற்றுச் சிறியது, புளிப்பும் தூக்கலாக இருக்கும். கேக் மேல் வைக்கிற சிவப்புச் செர்ரி பல காலமாக அந்த வகையை வெளுக்கவைத்துச் சாயம் ஏற்றிச் செய்வதுதான். ஒரு பழத்தைக் கடித்தால் உனக்கே தெரிந்துவிடும். இந்த மரத்தை எடுத்துவிட்டுக் கறுப்புச் செர்ரி வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டு.

ரெய்னியருக்குப் பெற்றோர் இரண்டுமே கருஞ்சிவப்பு வகைகள்: பிங், வான். 1952-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், புரோசர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹரால்ட் ஃபோகல் என்பவர் அவற்றைக் கலந்தார். 1960-ல் கன்று வெளியே வந்தது. செர்ரியில் சிவப்பு ஓங்கும் குணம், மஞ்சள் அடங்கும் குணம். அடங்கிய மஞ்சள் இரண்டு பக்கமும் ஒளிந்திருந்து ஒன்று சேர்ந்ததால் இப்படி ஒரு பழம். பிங் என்பது ஓரிகன் மாநிலத்தில் ஒரு பழத்தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த ஆ பிங் என்ற சீனருடைய பெயர். பிழைக்கப் போன இடத்தில் தோட்ட வேலை செய்த ஒருவரின் பெயர் பழத்தின் மேல் நிலைத்துவிட்டது. 1860 நவம்பர் 16-ல், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலில் இந்த டர்பன் துறைமுகத்தில் இறங்கியவர்களின் வழியில் வந்த நமக்கு அது வெறும் பெயர் இல்லை, அம்மா.

இனி பறிப்பதைப் பற்றி. சிவப்பு ஏறட்டும் என்று காத்திருக்காதே. அந்தச் சிவப்பு வெயிலால் வருவது, இனிப்பைக் காட்டுவது அல்ல. நிழல் கிளையில் முழு மஞ்சளாகவே பழுத்து இனிக்கும் பழமும் உண்டு, வெளிக்கிளையில் சிவந்து நின்றும் சப்பென்று இருக்கும் பழமும் உண்டு. சிவப்புக்கு அடியில் இருக்கும் நிறத்தைப் பார். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு வைக்கோல் நிறம், கடைசியில் நெய் நிறம். நெய் நிறம் வந்ததும் பறி. தோலில் ஊசி முனை அளவு பழுப்புப் புள்ளிகள் தென்பட்டால் பயப்படாதே, அப்படிப்பட்ட பழம் பெரும்பாலும் மிகவும் இனிக்கும். மாம்பழத்தைப் போலப் பறித்து வைத்துப் பழுக்கவைக்க இதனால் முடியாது. பறித்த நிமிடத்தோடு இனிப்பு ஏறுவது நின்றுவிடும். மரம் முழுவதும் ஒரே நாளில் பழுக்காது. மூன்று நான்கு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாக எடு.

காலையில் பனி காய்ந்ததும், வெயில் ஏறுவதற்குள் பறித்து முடி. பழத்தைத் தொடக்கூடாது. காம்பின் மேல்நுனியை இரண்டு விரலால் பிடித்து, மேல்நோக்கி லேசாகத் திருகினால் கழன்று வரும். கீழே பிடித்து இழுத்தால் காம்பு முளைத்திருக்கும் குட்டைக்கிளை முண்டு ஒடிந்து கையோடு வந்துவிடும். அடுத்த வருடப் பூமொட்டு அந்த முண்டில்தான் இருக்கிறது. ஒரே முண்டு பல வருடம் காய்க்கும், ஆகவே ஒன்று ஒடிந்தால் ஒரு பழத்தோடு போகிற நஷ்டம் இல்லை.

பக்கெட்டில் போடாதே. அகலமான தட்டில் துணி விரித்து, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் வை. விரலால் அழுத்திய இடம், பழத்தோடு பழம் மோதிய இடம், காம்பு குத்திய இடம் எல்லாம் சில மணி நேரத்தில் பழுப்புத் தடமாகிவிடும். நறுக்கிய ஆப்பிள் கறுக்கிற அதே விஷயம்தான். கறுப்புச் செர்ரியிலும் இதே அடி படுகிறது, நிறம் மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். சந்தையில் மஞ்சள் செர்ரி அரிதாக இருப்பதற்கும் விலை கூடுவதற்கும் இந்தத் தோல் ஒரு முக்கியக் காரணம். தடம் விழுந்த பழத்தை அன்றே சாப்பிட்டால் ருசியில் குறை இருக்காது. ஆனால் அமுங்கி, புளித்த வாடை அடித்தால் தூக்கிப் போடு, பக்கத்துப் பழத்துக்கும் பரவும்.

ஃபிக்ஸ்பர்க்கில் உங்களுக்குப் பெரிய தொல்லை மழை. மேற்குக் கேப் மாநிலத்துச் சீரஸில் மழை குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடும், அறுவடை காய்ந்த நாளில் நடக்கும். உங்கள் ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தில் பழம் பழுக்கிற நேரத்தில்தான் இடியும் ஆலங்கட்டியும் வரும். பழுத்த செர்ரியின் மேல் தண்ணீர் நின்றால் தோல் அதை உறிஞ்சும், சதை ஊதும், தோல் வெடிக்கும். முதலில் வெடிப்பது காம்படிக் குழியைச் சுற்றித்தான், ஏனென்றால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். மழை விட்டதும் கிளைகளை மெதுவாக உலுக்கிவிடு. வானம் கறுத்தால் நெய் நிறம் வந்ததையெல்லாம் மழைக்கு முன்னாலேயே எடுத்துவிடு. பறவைக்கு வலை போடுவதாக இருந்தால் மஞ்சள் தொடங்கும் முன் போடு, ருசி கண்ட பிறகு அவற்றை விரட்டுவது கஷ்டம்.

சாப்பிடுவதற்கு இதை எதனுடனும் சேர்க்காதே என்பேன். அன்னாசிக்கும் மாங்காய்க்கும் தூவுகிறோமே, அந்த மிளகாய்த்தூள் இதற்கு வேண்டாம். சர்க்கரை நூற்றுக்கு இருபது பங்கு வரை ஏறும், புளிப்பு குறைவு, வாசனை மெல்லியது. காரம் பட்டால் அந்த வாசனை போய்விடும். பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் நாக்கில் பாதி ருசிகூடத் தெரியாது. பத்து நிமிடம் வெளியே வைத்து, அதற்குப் பிறகு கழுவிச் சாப்பிடு. பேரனுக்குக் கொட்டையை எடுத்து, நாலாக நறுக்கிக் கொடு. முழுப் பழம் தொண்டையில் அடைக்கும். ஜூஸ் போடுவதானாலும் கொட்டையோடு மிக்ஸியில் அடிக்கக்கூடாது, கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் நஞ்சு இருக்கிறது. ஜாமுக்கு இது ஏற்றதல்ல. புளிப்பு இல்லாததால் சப்பென்று போகும், நிறமும் மங்கிவிடும். வெடித்த பழம் நிறையச் சேர்ந்துவிட்டால், கொட்டை எடுத்த ஒரு கிலோவுக்கு இரண்டு எலுமிச்சைச் சாறும் அரைக் கிலோ சர்க்கரையும் போட்டு, சிறு தீயில் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு, பிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடு.

மாப்பிள்ளையின் கறுப்புச் செர்ரிக்கு வருகிறேன். ரெய்னியர் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. உன் மரம் இவ்வளவு காய்த்திருக்கிறது என்றால், தேனீ போய் வருகிற தூரத்தில் யாரோ ஒருவர் வேறு வகை வைத்திருக்கிறார்கள். அவர்கள் நாளைக்கு அதை வெட்டினால் உன் மரம் பூக்கும், காய்க்காது. ஆகவே அவர் ஆசைப்படி ஒரு கறுப்பு மரம் வையுங்கள், இதற்குப் பதிலாக அல்ல, இதற்குப் பக்கத்தில். பிங், வான் இரண்டும் ரெய்னியருக்கு ஒத்துவரும். நான் ஸ்டெல்லா என்ற வகையைச் சொல்வேன், அது தனியாகவும் காய்க்கும், இதற்கும் மகரந்தம் கொடுக்கும். நம் குளிர்காலமான ஜூலையில், இலையில்லாமல் தூங்குகிற ஒட்டுக்கன்றாக வாங்கி, ஆறு மீட்டர் தள்ளி, தண்ணீர் தேங்காத மேட்டில் நடுங்கள். வேர் ஈரத்தில் நின்றால் செர்ரி செத்துவிடும். இங்கே டர்பனில் இதையெல்லாம் நினைக்கவே முடியாது. நூற்றுக்கணக்கான மணி நேரம் நல்ல குளிர் கிடைத்தால்தான் மொட்டு விழிக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருவதாகச் சொன்னாய். மரத்தில் பழம் அதுவரை நிற்காது, பிரிட்ஜிலும் ஒரு வாரத்துக்கு மேல் நன்றாக இருக்காது. முடிந்தால் இந்த மாதக் கடைசி வாரமே வா. கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் பறித்து, கழுவாமல், காம்போடு, ஓட்டை போட்ட பையில் காகிதம் வைத்து இரவு முழுவதும் பிரிட்ஜின் அடித்தட்டில் குளிரவை. ஐஸ் பெட்டியில் அடியில் ஐஸ், அதன் மேல் மடித்த துண்டு, அதற்கு மேல் பழம், இரண்டே அடுக்கு. ஐஸ் பழத்தில் படக்கூடாது. வழியில் ஹாரிஸ்மித்தில் டீ குடிக்க நிறுத்தினால் பெட்டியை நிழலில் வை, திறக்காதே. அம்மாவுக்கு ஒரு கிலோ போதும்.

அன்புடன்,
அப்பா