பாரி மகளிரின் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் எங்கள் வட்டாரத்தில் நடந்த பள்ளி மாணவர் பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவர் மூவருள் ஒருவனாக இருந்தேன். பாரியைப் பற்றிப் பேசிய ஒன்பதாம் வகுப்பு மாணவி, "பாரி மகளிரின் பெயர்கள் புறநானூற்றில் இல்லை" என்று கூறிவிட்டு, அவர்கள் பாடிய 'அற்றைத் திங்கள்' என்னும் 112ஆம் பாடலைத் தடுமாறாமல் சொன்னாள். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள்கூடத் தெரியவில்லையே என்று உடனிருந்த நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். பிள்ளை சொன்னதுதான் சரி என்று நான் எடுத்துக் கூறியும் பயனில்லை.

பாரி கற்பனை மனிதர் அல்லர். பறம்பு நாடு 300 ஊர்களை உடையது என்றும், அவை அனைத்தையும் பரிசிலர் பெற்றுவிட்டனர் என்றும் உடனிருந்த கபிலரே பாடியிருக்கிறார். உழவர் உழாமலேயே மூங்கில் நெல்லும் பலாப்பழமும் வள்ளிக்கிழங்கும் தேனும் அந்த மலையில் கிடைக்கும் என்று 109ஆம் பாடலில் அவர் எண்ணிச் சொல்லும்போது, மலையில் ஏறி இறங்கிப் பார்த்தவரின் குரல் கேட்கிறது. மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டபோது கிளிகள் நெற்கதிர் கொண்டுவந்து மலையில் இருந்தவர்களைக் காத்தன என்ற கதையோ வேறு வகையைச் சேர்ந்தது. அதன் வித்தும் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது என்பதுதான் வியப்பு: பறம்பின் குருவிக் கூட்டம் காலையில் பறந்து போய்ச் செந்நெல் தேடி மாலையில் திரும்புவதை அகநானூற்றின் 303ஆம் பாட்டு உவமையாகக் கூறுகிறது.

மகளிரின் கதையும் இப்படி வளர்ந்ததே. அவர்களை மணந்துகொள்ளுமாறு குறுநில மன்னர்களான விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் கபிலர் வேண்டி நின்றதைப் புறநானூறு சொல்கிறது. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டோ, பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்கு (மலையமான் மரபினர்க்கு) கொடுத்துவிட்டுக் கபிலர் கனல் புகுந்தார் என்கிறது. அவர் வடக்கிருந்தார், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பு மேற்கொண்டார் என்பது புறநானூற்றுக் குறிப்பு. ஔவையார் முன்னின்று அங்கவைக்கும் சங்கவைக்கும் திருமணம் முடித்ததும், அத்திருமணத்தின்போது அவர் பாடப் பனந்துண்டம் துளிர்த்துப் பழம் கொடுத்ததும் அதற்கும் பிற்பட்ட கதைகள்.

அக்கதைகளைத் தள்ளிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. வளவில் அமர்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டே, மழையில் நனைந்து வந்த ஔவைக்கு அந்தப் பெண்கள் நீலச் சிற்றாடை கொடுத்ததை என் அப்பத்தா சொன்ன நாளில்தான் பாரி எனக்கு அறிமுகமானார். தந்தையையும் குன்றையும் இழந்தவர்களுக்கு நல்ல முடிவு ஒன்றைத் தேடித் தர வேண்டும் என்று மக்கள் மனம் தவித்திருக்கிறது. அந்தத் தவிப்பும் மதிக்கத்தக்கதே. ஆயினும், மக்கள் பிற்காலத்தில் இட்ட பெயர்களைச் சொல்லாததற்காக, பாட்டைப் பாடமாகப் படித்த பிள்ளை தண்டிக்கப்படலாமா?

பறம்பு மலை என்று போற்றப்படும் பிரான்மலை எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது. பாரியைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதும்போது, சங்கப் பாடல் சொல்வது எது, கல்வெட்டு சொல்வது எது, கதை சொல்வது எது என்று ஒரு வரியில் குறித்துவிட்டால் பள்ளிகளுக்குப் பேருதவியாக இருக்கும். குறிப்பாக, மாணவர் பகுதியில் அங்கவை, சங்கவை என்று அச்சிடும் இடத்தில் 'பிற்கால வழக்கு' என்ற இரண்டு சொற்களையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
காரைக்குடி.